தக்கோலம் போர்: தோற்ற இளவரசனுக்கு இப்போது ஏன் மரியாதை? திருவொற்றியூர் கல்வெட்டு சொல்லும் கதை என்ன?

அரக்கோணம் பக்கத்தில் இருக்கிறது தக்கோலம். அங்கே மத்திய தொழில் பாதுகாப்புப் படையின், அதாவது சிஐஎஸ்எஃப்-இன் மண்டலப் பயிற்சி மையம் உள்ளது. அந்த மையத்துக்கு இப்போது 'ராஜாதித்ய சோழன்' என்று பெயர். 2025 மார்ச் 7-ம் தேதி படையின் 56-வது ஆண்டு விழா அங்கேதான் நடந்தது. மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா கலந்துகொண்டார்.

ராஜராஜன் தெரியும். ராஜேந்திரன் தெரியும். ராஜாதித்யன் யாரு?

போரில் தோற்றவர். சோழர் வரலாற்றில் அவ்வளவு மோசமான தோல்வி வேறு இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு போரில், பட்டத்து இளவரசராக இருந்தபோதே யானை மேல் இறந்துபோனவர். அந்தப் போர் நடந்த ஊர்தான் தக்கோலம். வருடம் 949.

பழைய போர்களின் நினைவு அந்த ஒரு வருடத்திலேயே மூன்று முறை செய்தியில் வந்தது. மார்ச்சில் தக்கோலம். ஜூன் 18-ம் தேதி விசாகப்பட்டினத்தில் 'ஐஎன்எஸ் அர்னாலா' கடற்படையில் சேர்க்கப்பட்டது. நம்ம வடசென்னை காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் உருவான கப்பல் அது. பெயர் மட்டும் மகாராஷ்டிராவில் வசாய் கரைக்கு எதிரே, மராத்தியர் காலக் கோட்டை நிற்கும் தீவின் பெயர். அப்புறம் ஜூலை 27-ம் தேதி, ராஜேந்திர சோழன் கடல் கடந்து போர் தொடுத்த ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமர் மோடி வந்து நினைவு நாணயம் வெளியிட்டார்.

வெற்றியைக் கொண்டாடுவது புரிகிறது. தோல்வியை எப்படி நினைவில் வைப்பது? இதற்கு ஒரு மனிதர் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய கல்வெட்டு இருப்பது தக்கோலத்தில் இல்லை, வடசென்னையில், திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில்.

தக்கோலத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியா சொன்னா, ஒரு ஆறு. தக்கோலம் பக்கம் ஓடுகிற கொசஸ்தலை ஆறுதான் கேசவரம் அணைக்கட்டு தாண்டி, பூண்டி ஏரி வழியாக வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் வங்கக்கடல், நடுவில் நீளமான மணல்திட்டு. அதுதான் காட்டுப்பள்ளி. இன்று துறைமுகம், கப்பல் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் அங்கே.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஆற்றின் மேல்பகுதியும் கடல்முனையும் தொண்டை மண்டலம் என்ற ஒரே நாடு. தக்கோலத்தில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பெயரும் ஆட்சியாண்டும்தான் திருவொற்றியூர் கோயில் கல்லிலும் வெட்டப்படும். அப்படித்தான் நடந்தது.

949-ல் என்ன நடந்தது?

சோழ மன்னர் முதலாம் பராந்தகன் 907-ல் பட்டத்துக்கு வந்தவர். பாண்டியரைத் தோற்கடித்து மதுரையைப் பிடித்தார். வடக்கே பாணர்களையும் வைதும்பர்களையும் விரட்டினார். இடம் இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ராஷ்டிரகூடப் பேரரசிடம் போய் நின்றார்கள். 939-ல் அங்கே அரியணை ஏறியவர் மூன்றாம் கிருஷ்ணன். தமிழ்க் கல்வெட்டுகளில் இவர் பெயர் கன்னரதேவன்.

வடக்கிலிருந்து ஆபத்து வரும் என்பது பராந்தகனுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் மூத்த மகன் ராஜாதித்யனைப் பெரிய படையோடு திருமுனைப்பாடி நாட்டில், இன்றைய திருநாவலூர் பகுதியில் நிறுத்தி வைத்தார். அந்த ஊருக்கே ராஜாதித்தபுரம் என்று ஒரு பெயர் உண்டு. வருஷக்கணக்கில் காத்திருந்த படை. வீராணம் ஏரியை வெட்டியது இந்தப் படைதான் என்று ஒரு மரபு இருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அது ஞாபகம் வரும். ஏரியின் பெயர் பராந்தகனின் 'வீரநாராயணன்' என்ற பட்டத்திலிருந்து வந்தது. 2004-லிருந்து அந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது.

கடைசியில் இரண்டு படைகளும் மோதிய இடம் தக்கோலம். கிருஷ்ணனோடு அவருடைய சகோதரியின் கணவர், கங்க மன்னர் இரண்டாம் பூதுகனும் வந்திருந்தார். ராஜாதித்யன் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டார். தலைவன் விழுந்ததும் சோழர் படை நிலைகுலைந்தது.

விளைவு? தொண்டை மண்டலம் கைமாறியது. கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டார். 959-ல் அவர் மேல்பாடியில் முகாமிட்டு, பிடித்த நிலங்களைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டதைக் கர்காட் செப்பேடு சொல்கிறது. பராந்தகன் 955 வாக்கில் இறந்தார். அடுத்த 30 வருஷம் சோழர்களுக்கு மூச்சுத் திணறல்தான். 985-ல் ராஜராஜன் வரும்வரை பழைய பலம் திரும்பவில்லை.

ராஜாதித்யனைக் கொன்றது யார்?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஒரே சாவு, இரண்டு பதிவு.

முதல் பதிவு, கர்நாடகாவில் மண்டியா மாவட்டத்து ஆத்தகூர் நடுகல். இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜாதித்யனைக் கொன்றது பூதுகன்தான், அதற்குப் பரிசாகக் கிருஷ்ணன் அவருக்கு வனவாசி முதலான நாடுகளைக் கொடுத்தார் என்கிறது அது. இந்தக் கல்வெட்டின் ஒரு வரியை 'வஞ்சகமாகக் கொன்றான்' என்று முதலில் வாசித்தார்கள். பிறகு, 'யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான்' என்று திருத்தி வாசித்தார்கள். ஒரு சொல்லை வாசிக்கிற விதத்தில் ஒருவர் துரோகியாகவும் ஆகலாம், வீரனாகவும் ஆகலாம்.

அந்தக் கல்லில் இன்னொரு கதையும் இருக்கிறது. உண்மையில் கல் நடப்பட்டதே அதுக்காகத்தான். பூதுகனின் வீரன் மணலேரா தக்கோலத்தில் நன்றாகச் சண்டை போட்டார். என்ன வேணும் என்று மன்னர் கேட்டதும், 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்துவிட்டன. நாய்க்குக் கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். தென்னிந்திய வரலாற்றைத் திருப்பிப் போட்ட ஒரு போரைப் பற்றி நமக்குக் கிடைத்த முக்கியமான ஆதாரம், ஒரு நாயின் நினைவுக்கல்.

இரண்டாவது பதிவு சோழர் தரப்பு. ஆனைமங்கலம் செப்பேடு, நெதர்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டதால் லைடன் செப்பேடு என்று பெயர் பெற்றது. போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது. ராஜாதித்யன் கிருஷ்ணனின் கூரிய அம்புகளால் மார்பு துளைக்கப்பட்டு, யானை மேல் இருந்தபடியே வீர சொர்க்கம் போனார் என்கிறது. பூதுகன் பெயர் இதில் இல்லை. பேரரசரின் அம்பில் இறந்தார் என்பது குடும்ப கௌரவத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

தமிழ்க் கல்வெட்டுகள் ராஜாதித்யனை 'ஆனைமேல் துஞ்சினார்' என்று குறிப்பிடுகின்றன. தோற்றார், கொல்லப்பட்டார் என்ற பேச்சே கிடையாது. யானை மேல் தூங்கிப்போனார். அவ்வளவுதான்.

திருவொற்றியூருக்கு வந்தவர்

இனி மூன்றாவது பதிவு. நம்ம ஊர்க்காரர்களில் பலர் தினமும் தாண்டிப் போகிற கோயிலில் இருப்பது.

தேரடி மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும் தியாகராஜர் கோயில். வடிவுடையம்மனுக்காக வெள்ளிக்கிழமை கூட்டம் வரும். கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி ஆதிபுரீஸ்வரரின் கவசம் திறக்கும் நாட்களில் உள்ளே நுழையவே இடம் இருக்காது. சுவரெங்கும் கல்வெட்டு. பல்லவர், சோழர், ராஷ்டிரகூடர் எல்லாரும் இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதில் ஒன்று கன்னரதேவனின் 20-வது ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. ஏறக்குறைய 959. தக்கோலம் போர் முடிந்து பத்து வருஷம். சமஸ்கிருதச் செய்யுளில் ஒரு துறவியின் வாழ்க்கையைச் சொல்கிறது. பெயர் சதுரானன பண்டிதர்.

கேரளத்தில் பிறந்தவர். படித்தவர். சோழ நாட்டுக்கு வந்து ராஜாதித்யனுக்கு நெருக்கமான நண்பராகவும் படைத்தலைவராகவும் ஆனார். தக்கோலத்தில் ராஜாதித்யன் இறந்தபோது இவர் பக்கத்தில் இல்லை. எஜமானனோடு சேர்ந்து சாகும் வாய்ப்பு தனக்குக் கிடைக்கவில்லை, தான் உயிரோடு இருப்பது பிறந்த குலத்துக்கும் வளர்ந்த விதத்துக்கும் தகாது என்று நினைத்தார். உலக வாழ்க்கையை விட்டார். கங்கைக்குப் போனார். பிறகு திருவொற்றியூர் வந்து, நிரஞ்சன குரு என்பவரிடம் விரதம் ஏற்று, இங்கிருந்த மடத்துக்குத் தலைவரானார்.

போரில் தப்பிப் பிழைத்தவர்களுக்கு, 'நான் மட்டும் ஏன் உயிரோட இருக்கேன்' என்ற குற்ற உணர்ச்சி வரும் என்று இன்றைய மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எண்ணூர், காசிமேடு கடற்கரைக் குடும்பங்களுக்கும் இது புதிதாக இருந்திருக்காது. அதையே பத்தாம் நூற்றாண்டில் ஒருவர் கல்லில் வெட்டி வைக்க விட்டிருக்கிறார். மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். நாடு பிடித்தேன், தலை கொண்டேன் என்ற வரிகளுக்கு நடுவே, 'நான் அங்கே இல்லாமல் போனேனே' என்று ஒரு குரல்.

அந்தக் காலத்து வழக்கமும் இதற்குப் பின்னால் இருக்கிறது. தலைவன் விழுந்தால் கூடவே உயிரை விடுவது என்று உறுதி எடுத்த வீரர்கள் தென்னிந்திய அரசுகள் பலவற்றிலும் இருந்தார்கள். உயிரோடு திரும்புவது அவமானம். சதுரானனர் அந்த அவமானத்தை மறைக்கவில்லை. சாகவும் இல்லை. மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், கல்வெட்டின் தேதி. தன் நண்பனைத் தோற்கடித்த அதே கன்னரதேவனின் ஆட்சியாண்டில்தான் இந்தக் கல் வெட்டப்பட்டிருக்கிறது. திருவொற்றியூர் அப்போது எதிரியின் ஆட்சியில். வெற்றி பெற்றவனின் காலக்கணக்கைப் போட்டு, தோற்றவனுக்கான துக்கத்தை எழுதியிருக்கிறார்கள். அதைத் தடுத்ததாகவும் தெரியவில்லை, அழித்ததாகவும் தெரியவில்லை. கல் இன்னும் இருக்கிறதே!

அதே கல்வெட்டில் அவர் 100 நிஷ்கம் பொன்னை நரசிம்மமங்கலம் ஊர்ச்சபையிடம் ஒப்படைத்த விவரமும் வருகிறது. அதன் வட்டியில் கோயில் வழிபாடு நடக்க வேண்டும். நம்ம பாஷையில், ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்.

கடலூர் – விழுப்புரம் பக்கம் கிராமம் என்ற ஊரில் 943-ல் கற்கோயில் கட்டிய வெள்ளங்குமரன் என்ற ராஜாதித்யனின் படைத்தலைவரும் கேரளத்துக்காரர்தான். அவரே பிறகு சதுரானனர் ஆனார் என்று சில ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஆனால் திருவொற்றியூர் கல்வெட்டின் கனம் அந்தப் பெயர்ப் பொருத்தத்தை நம்பி நிற்கவில்லை.

பிரான்சில் நடந்த போரை ஏன் இங்கே பேச வேண்டும்?

ஒரு போரின் நினைவு எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 732-ம் ஆண்டு. காஞ்சியில் பல்லவமல்லன் என்கிற இரண்டாம் நந்திவர்மன் பட்டத்துக்கு வந்த சமயம். அங்கே பிரான்சில், தூர் நகரத்துக்கும் புவாத்தியே நகரத்துக்கும் இடையே ஃபிராங்க் படையும் அரபுப் படையும் மோதின. ஃபிராங்குகளுக்குத் தலைவர் சார்லஸ். 'மார்ட்டெல்', அதாவது சுத்தியல், என்ற பட்டம் பிறகு வந்தது. ஸ்பெயினை ஆண்ட அரபு ஆளுநர் அப்துர் ரஹ்மான் அல்-காஃபிகி அந்தப் போரில் இறந்தார். அரபுப் படை பின்வாங்கியது.

அரபு எழுத்தாளர்கள் இதைத் 'தியாகிகளின் சாலை' என்ற பொருளில் பலாத் அல்-ஷுஹதா என்று குறிப்பிட்டார்கள். ஸ்பெயினில் இருந்த ஒரு கிறிஸ்தவர் 754 வாக்கில் எழுதிய நூலில் ஃபிராங்க் படையை 'ஐரோப்பியர்' என்று சொன்னார். 18-ம் நூற்றாண்டில் எட்வர்ட் கிப்பன், அன்று அரபுகள் ஜெயித்திருந்தால் ஆக்ஸ்ஃபோர்டில் குர்ஆன் பாடம் நடந்திருக்கும் என்ற பொருளில் எழுதினார். அப்போதிலிருந்து '732' ஒரு மந்திரச் சொல் ஆகிவிட்டது. இரண்டு மதங்கள், இரண்டு நாகரிகங்கள், ஒரே நாளில் தீர்ப்பு என்ற மாதிரி.

நடந்தது அவ்வளவு எளிமையா? இல்லை. அந்தப் பகுதியின் கிறிஸ்தவப் பிரபு யூதோ, அதற்கு முன்பு தன் மகளை முஸ்லிம் பெர்பர் தளபதி ஒருவருக்கே கட்டிக் கொடுத்திருந்தார். சார்லஸை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வேறு வழியில்லாமல்தான் போய் உதவி கேட்டார். சில வருஷம் கழித்து இதே சார்லஸ் தெற்கு பிரான்சில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர்களையும் சூறையாடினார். அங்கே அவரை எதிர்த்த கிறிஸ்தவப் பிரபுக்கள் அரபுகளோடு கூட்டு வைத்தார்கள். 732-க்குப் பிறகும் நார்போன் நகரம் 759 வரை அரபுகளிடமே இருந்தது.

778-ல் பிரனீஸ் மலையில் சார்லமேனின் பின்னணிப் படை அழிக்கப்பட்ட சம்பவம் இன்னும் வேடிக்கை. தாக்கியவர்கள் கிறிஸ்தவர்களான பாஸ்க் மக்கள். மூன்று நூற்றாண்டு கழித்து எழுந்த 'ரோலாந்தின் பாடல்' காவியத்தில் அவர்கள் முஸ்லிம் படையாக மாறிவிட்டார்கள்.

வேடிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொள்ள முடியவில்லை. 2012 அக்டோபரில் புவாத்தியேயில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பள்ளிவாசலின் கூரையில் தீவிர வலதுசாரி இளைஞர்கள் ஏறி '732' என்று பேனர் கட்டினார்கள். 2019 மார்ச் 15-ம் தேதி நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவனின் துப்பாக்கிகளில் எழுதியிருந்த பெயர்களில் சார்லஸ் மார்ட்டெலும் ஒன்று. 1,300 வருஷத்துக்கு முந்தைய ஒரு போர், தொழுகைக்கு வந்தவர்கள் மீது தோட்டாவாக வந்தது.

தக்கோலம் 'தமிழர் வெர்சஸ் கன்னடர்' போரா?

இந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் இருக்கிறது. காவிரிப் பிரச்சினை வரும்போதெல்லாம், 2025-ல் கமல்ஹாசனின் கன்னட மொழிப் பேச்சுக்குப் பிறகு 'தக் லைஃப்' கர்நாடகாவில் வெளியாகாமல் போனது மாதிரி சமயங்களிலும், பழைய ராஜாக்களை இழுத்து ரீல்ஸ் போடுவது வழக்கமாகிவிட்டது. 'நாங்க அன்னைக்கே உங்களை அடிச்சோம்' டைப். தக்கோலம் அதுக்கு ரொம்ப வசதியான போர். ஒரு பக்கம் தமிழ் இளவரசன், எதிர்ப்பக்கம் கன்னட நாட்டுப் பேரரசன்.

ஆனால் ஆதாரங்களைத் திறந்தால் அந்தக் கோடு நிற்காது.

ராஜாதித்யனின் தாய் கோக்கிழானடிகள் சேர நாட்டு இளவரசி. அவருடைய தளபதிகளில் கேரளத்துக்காரர்கள் இருந்தார்கள். அவர் தாத்தா முதலாம் ஆதித்த சோழனின் ராணிகளில் ஒருவர் ராஷ்டிரகூட இளவரசி. அந்த ராணிக்குப் பிறந்த மகனின் பெயரே கன்னரதேவன். அந்தப் பேரனுக்குக் கிடைக்காமல் பராந்தகனுக்குப் பட்டம் போனதால்தான் இரு குடும்பங்களுக்கும் முதல் மோதலே வந்தது என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சொத்துத் தகராறு மாதிரிதான்.

கங்கர்கள் கதையும் அப்படியே. பூதுகன் கிருஷ்ணன் பக்கம். ஆனால் கங்க வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரண்டாம் பிருதிவிபதி, பராந்தகனுக்கு விசுவாசமான சிற்றரசர். பாணர்களின் நிலத்தைப் பிடுங்கி அவருக்குத்தான் பராந்தகன் கொடுத்தார். ராஷ்டிரகூட ஆட்சி வந்த பிறகும் திருவொற்றியூரில் பூஜை நடந்தது, ஊர்ச்சபை பொன்னை வாங்கி வட்டி கட்டியது, தமிழ்நாட்டுக் கோயில்களில் கன்னரதேவன் பெயரில் தமிழிலேயே கல்வெட்டு வெட்டினார்கள்.

இதற்காக ராஷ்டிரகூடப் படை பூச்செண்டோடு வந்தது என்று அர்த்தம் இல்லை. படையெடுப்பு படையெடுப்புதான். ஊர்கள் பாழாகியிருக்கும், மக்கள் செத்திருப்பார்கள். அவர்கள் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. நாய்க்குக் கிடைத்த கல் காலாட்படைக்காரனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டை மொழிக்காக நடந்தது என்று சொல்ல ஒரு வரி ஆதாரம்கூட கிடையாது. நிலம், வரி, பட்டம், பழைய குடும்பப் பகை. இவ்வளவுதான் காரணம்.

அப்போ ராஜாதித்யன் பெயரை வைத்தது தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் வாசலில் நிற்கிற சிஐஎஸ்எஃப் படை, போர் நடந்த ஊரிலேயே ஒரு மையம் வைத்திருக்கும்போது அந்த ஊரின் வரலாற்றை நினைப்பது இயல்பு. வெற்றி பெற்றவர்களுக்கு மட்டுமே சிலை என்கிற வழக்கத்தில், தோற்ற ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுத்தது ஒரு வகையில் நல்ல மாற்றம்.

கவலை வேறு இடத்தில். பெயர்ப்பலகையில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். 'வீரன்' என்ற அந்த ஒரு சொல் போதும் என்று விட்டுவிட்டால், மீதியை ரீல்ஸ் எழுதும். பிரான்சில் 732-க்கு அதுதான் நடந்தது. கதையில் சிக்கலாக இருந்த எல்லாரும், கல்யாண உறவு வைத்த யூதோ, எதிர்த்துக் கூட்டு சேர்ந்த பிரபுக்கள், எல்லாரும் காணாமல் போய், சுத்தியல் மட்டும் மிஞ்சியது. தக்கோலத்துக்கு அது நடக்கக்கூடாது என்றால், பயிற்சிக்கு வருகிற இளைஞர்களுக்கு ராஜாதித்யனோடு சேர்த்துச் சதுரானனரையும் அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு போர் முடிந்த பிறகு அதில் பிழைத்தவனுக்கு என்ன ஆகிறது என்பது, சீருடை போடப் போகிறவர்களுக்கு நிச்சயம் தெரிய வேண்டிய விஷயம்.

பிறகு சோழர்கள் என்ன செய்தார்கள் என்பதும் பாடத்தில் வரலாம். கிருஷ்ணன் முகாமிட்டு நிலம் பங்கு போட்ட அதே மேல்பாடியில், ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் கட்டினார். ராஜாதித்யனின் தம்பிதான் இந்த அரிஞ்சயன். ராஷ்டிரகூடர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். 972-ல் அவர்களுடைய தலைநகர் மானியகேடத்தைப் பரமார மன்னர் சீயகன் கொள்ளையடித்தார், அடுத்த வருஷம் சாளுக்கியர் இரண்டாம் தைலபன் அவர்கள் ஆட்சியையே முடித்து வைத்தார். தஞ்சையைக் கொண்ட பேரரசு, கிருஷ்ணன் இறந்து ஆறேழு வருஷம்கூட தாங்கவில்லை.

கோயிலில் இன்று என்ன பார்க்கலாம்?

சதுரானன பண்டிதர் என்பது ஒரு ஆளின் பெயராக நின்றுவிடவில்லை. திருவொற்றியூர் மடத்தின் தலைவர்களுக்கு வழிவழியாக வரும் பட்டமாக மாறியது. போர் முடிந்து ஏழெட்டு தசாப்தம் கழித்து, முதலாம் ராஜேந்திரன் காலத்தில் ஆதிபுரீஸ்வரர் சன்னதியின் விமானம் கருங்கல்லால் எடுத்துக் கட்டப்பட்டது. அந்த வேலைக்குப் பின்னால் இருந்தவரும் ஒரு சதுரானன பண்டிதர்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. கட்டிய தச்சரின் பெயரும் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். ஆக, 2025-ல் நாணயம் வெளியிட்டுக் கொண்டாடப்பட்ட ராஜேந்திரனின் காலத்துப் பணியில், தோற்றுப்போன படையிலிருந்து வந்த ஒருவரின் மடத்துக்கும் கை இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது கருவறையைச் சுற்றி வந்து விமானத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். சதுரமாக இருக்காது. படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும். இந்த அமைப்புக்குத் தமிழில் 'தூங்கானை மாடம்' என்று பெயர். 'ஆனைமேல் துஞ்சினார்' என்ற ராஜாதித்யனின் பெயரோடு இதை முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை, தொண்டை மண்டலத்தில் பல கோயில்கள் இப்படித்தான். இருந்தாலும் அந்த வளைவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால், கங்கை வரை போய்விட்டுத் திரும்பி இந்தக் கடற்கரையில் வந்து உட்கார்ந்தவரின் ஞாபகம் எனக்கு வந்துவிடுகிறது.